கல்லறைகளண்டையில் நம்முடைய ஜெபம்



இந்த மாதப் பாடத்திற்கு நான் வேறொரு தலைப்பை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் என் உள்ளத்தைக் குத்தினபடியால் அதைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வசனங்களின் இடத்தை மாத்திரம் குறித்திருக்கிறேன், நீங்களே எடுத்துப் பாருங்கள்.

முதலாவது, கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் எழும்பிப் போகிற நேரம். வயதான ஒரு தாயார் கிட்ட வந்து, "ஐயா, எங்க மவன் பேரை ஜெபத்தில சொல்லலாமாய்யா?" என்று மெதுவாய்க் கேட்டார்கள். அந்தப் பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரித்து இரண்டு வருஷம் ஆகிறது. சபைக்கு வந்தும் வராமலும் இருந்தவன். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தாயாரோடு பிறந்தவர்கள் ஆர்.சி. சபையார். அவர்கள் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தி, மரித்தவர்கள் பேர் சொல்லி ஜெபம் பண்ணுகிறதை இந்தத் தாயார் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செத்தவங்களுக்காக ஜெபிக்கிறது வேதத்துக்கு விரோதம்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன். சொன்னது சத்தியந்தான், சொன்ன விதத்தில் அன்பு இல்லை. அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் அவர்கள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது.

இரண்டாவது, அதே மாதத்தில் சபை வாலிபர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் உழைத்து மரித்த தேவமனிதர்களின் இடங்களைக் காட்டப் போனோம். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயருடைய கல்லறையண்டை நின்று அவர் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு தம்பி கல்லின்மேல் முகங்குப்புற விழுந்து, இரண்டு கையையும் விரித்து வைத்து, "இவர்மேல் இருந்த அபிஷேகம் என்மேல் வரட்டும்" என்று சத்தமிட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையை வைத்தார்கள். பிறகு தனியாய்க் கூப்பிட்டு, "ஏம்பா இப்படிச் செய்தே?" என்று கேட்டேன். "வெளிநாட்டு ஊழியக்காரங்க இப்படிச் செய்யறதை வீடியோவில பார்த்தேன் பாஸ்டர். எலிசா தீர்க்கதரிசி எலும்பிலயே வல்லமை இருந்திச்சே" என்றான்.

பார்த்தீர்களா! அந்தத் தாயார் துக்கத்திலே மரித்தவனுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தத் தம்பி வைராக்கியத்திலே மரித்தவரிடமிருந்து வாங்கப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் சரியான உபதேசம் கொடுக்காத குற்றம் என்னுடையது. பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் இவைகளைச் செய்யக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம். சி.எஸ்.ஐ. சபையார் தங்கள் ஆராதனையில் விசுவாசத்தோடே மரித்த பரிசுத்தவான்களுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுகிறார்கள். நாம் அதைக்கூடச் சொல்லுகிறதில்லை.

முதலில் தம்பியின் கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். 2 இராஜாக்கள் 13:20, 21 வாசியுங்கள். மோவாபியரின் தண்டுகளைக் கண்டு பயந்து, அடக்கம்பண்ண வந்தவர்கள் பிரேதத்தை எலிசாவின் கல்லறையில் போட்டார்கள். அது எலும்புகளின்மேல் பட்டவுடனே அந்த மனுஷன் உயிரடைந்து எழுந்திருந்தான். உண்மைதான். ஆனால் கவனியுங்கள். அவர்கள் வல்லமை தேடி அங்கே போகவில்லை, உயிருக்குப் பயந்து ஓடினார்கள். தேவன் தம்முடைய சித்தத்தின்படி ஒருவிசை செய்தார். அதற்குப் பிறகு ஒருவனும் அந்தக் கல்லறையைத் தேடிப் போய்ப் படுத்ததாக வேதம் சொல்லவில்லை. சரி, எலிசாவுக்கு இரட்டிப்பான பங்கு எங்கே கிடைத்தது? எலியாவின் கல்லறையிலா? எலியாவுக்குக் கல்லறையே இல்லையே! எலியா உயிரோடிருக்கும்போது அவரை விடாமல் பின்தொடர்ந்து, கில்காலிலிருந்து யோர்தான்மட்டும் நடந்தபடியால் அல்லவா கிடைத்தது (2 இராஜா. 2-ஆம் அதிகாரம்).

மரித்தவர்களிடத்தில் விசாரிக்கிறதைக் கர்த்தர் கண்டிப்பாய் விலக்கியிருக்கிறார் (உபா. 18:11). சவுல் எந்தோரில் போய் அதைச் செய்தான் (1 சாமு. 28). மறுநாளே கில்போவா மலையில் விழுந்தான். மோசேயின் பிரேதக்குழியை ஒருவனும் அறியாதபடி கர்த்தர் மறைத்து வைத்தார் (உபா. 34:6). ஆனாலும் ஜனங்கள் முப்பது நாள் துக்கங்கொண்டாடினார்கள் (34:8). இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துக்கத்தைக் கர்த்தர் தடுக்கவில்லை, குழியைத்தான் மறைத்தார்.

இப்போது தாயாரின் கேள்வி. இது லேசான கேள்வி அல்ல. மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாம் என்கிறவர்கள் 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அது நம்முடைய அறுபத்தாறு ஆகமங்களில் சேர்ந்ததல்ல. வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமோ படிக்கும்போது வகுப்பில் இன்னொரு வசனத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது: 2 தீமோத்தேயு 1:16-18. பவுல், ஒநேசிப்போருவின் வீட்டாருக்கு இரக்கம் வேண்டுகிறார். பிறகு அந்நாளிலே அவனும் கர்த்தரிடத்தில் இரக்கம் அடையவேண்டும் என்கிறார். அவன் அப்போது மரித்துவிட்டான், ஆகவே இது மரித்தவனுக்கான ஜெபம் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஆனால் அவன் மரித்தான் என்று அந்த வசனத்தில் எங்கே இருக்கிறது? வீட்டாரை விட்டுத் தூரத்தில் இருந்திருக்கலாம். எழுதப்படாததின்மேல் உபதேசத்தைக் கட்டக்கூடாது. ஒருதரம் மரிப்பது, அதன்பின்பு நியாயத்தீர்ப்பு என்பது எபிரெயர் 9:27-இல் தெளிவாய் இருக்கிறது. ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவே இருந்த பெரும்பிளப்பு (லூக். 16:26) நம்முடைய ஜெபத்தினால் மூடப்படுகிறதல்ல.

தாவீதைப் பாருங்கள். பிள்ளை உயிரோடிருக்குமட்டும் தரையிலே கிடந்து உபவாசித்து அழுதான். பிள்ளை மரித்தது என்று கேட்டவுடனே எழுந்து, ஸ்நானம்பண்ணி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான் (2 சாமு. 12:20-23). ஊழியக்காரர்களுக்கே அது விளங்கவில்லை. ஆனால் அதே தாவீது சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் என்ன செய்தான்? கிழித்துக்கொண்டு அழுதான், சாயங்காலமட்டும் உபவாசித்தான், புலம்பல் பாடினான், அதை யூதா புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னான் (2 சாமு. 1:11-27). ஒரு தேசத்தின் பெரியவர்கள் மரித்தபோது தேவமனுஷன் செய்தது அது. அந்தப் புலம்பலில் அவர்களுக்காக ஒரு விண்ணப்பமும் இல்லை. ஆனால் அவர்களுடைய பேர் மறக்கப்படவும் இல்லை. எரேமியா யோசியாவுக்காகப் புலம்பல் பாடினார் (2 நாளா. 35:25). ஸ்தேவானை அடக்கம்பண்ணினவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் (அப். 8:2). தொற்காள் மரித்த வீட்டில் விதவைகள் அவள் தைத்துக்கொடுத்த துணிகளைப் பேதுருவுக்குக் காட்டிக் காட்டி அழுதார்கள் (அப். 9:39). "ஏன் அழுகிறீர்கள், விசுவாசம் இல்லையா?" என்று பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நானாயிருந்தால் கடிந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எபிரெயர் 13:7-க்கு வருவோம். வசனத்தைப் போதித்து நடத்தினவர்களை நினைக்கச் சொல்லுகிறது. எப்படி? அவர்கள் நடக்கையின் முடிவைப் பார்க்க வேண்டும், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்ற வேண்டும். முடிவைப் பார்க்கிறது என்றால் அவர்கள் எப்படி மரித்தார்கள் என்று விசாரித்து அறிகிறது. சரி, நம்முடைய சீமையில் அப்படிச் செய்து பார்ப்போமா?

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டின சின்ன ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது. 1785-இல் பிரதிஷ்டை பண்ணப்பட்டது. ஊரார் பாப்பாத்தியம்மாள் கோவில் என்பார்கள். மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு விவாகமில்லாமல் வாழ்ந்தவர். அவன் உயிரோடிருந்தமட்டும் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அவன் மரித்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர், அதில் இவர் பேரும் உண்டு. திருநெல்வேலித் திருச்சபை அந்த நாற்பது பேரில் ஆரம்பிக்கிறது. தேவன் யாரைக்கொண்டு ஆரம்பிக்கிறார் பாருங்கள்! சமாரியக் கிணற்றண்டை இருந்த ஸ்திரீயை நினைத்துக்கொண்டேன்.

ரேனியஸ் ஐயர் 1820-இல் இங்கே வந்து, 1838 ஜூன் 5-ஆம் தேதி பாளையங்கோட்டையில் மரித்தார். அப்போது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. தமிழ் வேதத்தைத் திருத்தினவர், கிராமம் கிராமமாய்ச் சபைகளை எழுப்பினவர். ஆனால் கடைசி மூன்று வருஷம் மனக்கசப்பு. 1835-இல் மிஷன் சங்கம் அவரை விலக்கிவிட்டது, ஜனங்கள் இரண்டு பக்கமாய்ப் பிரிந்தார்கள். அந்தக் கல்லறையண்டை நிற்கும்போது வாலிபர்களுக்கு இதையும் சொன்னேன். அபிஷேகம் கேட்டு விழுந்த தம்பி அதைக் கேட்டு அமைதியாகிவிட்டான்.

இடையன்குடிக்குப் போனோம். கால்டுவெல் ஐயர் 1841-இல் அங்கே வந்தார். அவர் கட்டின பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல் பிரதிஷ்டையாயிற்று. 1891 ஆகஸ்டு 28-ஆம் தேதி கொடைக்கானலில் மரித்தார், சரீரத்தை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்பண்ணினார்கள். திராவிட மொழிகளுக்கு 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதினவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1849-இல் நாடார் ஜனங்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு புத்தகம் அந்த ஜனங்களையே புண்படுத்தி, பின்னாளில் பெரிய எதிர்ப்பை எழுப்பிற்று. இதையும் மறைக்கக்கூடாது. வேதம் தாவீதின் பாவத்தை மறைக்கவில்லையே. மரித்தவர்களைப் புகழ்ந்து புகழ்ந்து அவர்களைக் குற்றமில்லாதவர்களாக்குகிறது கல்லறையை வெள்ளையடிக்கிற வேலை. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரித்தவர்களிடம் ஆண்டவர் என்ன சொன்னார் என்று மத்தேயு 23:29-31 வாசியுங்கள்.

டோனாவூரில் எமி கார்மைக்கேல் அம்மாள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பித் தாய்நாட்டுக்குப் போகவேயில்லை. 1901-இல் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து சேர்ந்தாள். அன்றுமுதல் பிள்ளைகளை மீட்கிற ஊழியம். 1931-இல் ஒரு பள்ளத்தில் விழுந்து அடிபட்டு, ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து, 1951 ஜனவரி 18-ஆம் தேதி மகிமைக்குள் பிரவேசித்தார். தன் கல்லறையின்மேல் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் கல் வைக்கவில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்கிற பேரை மாத்திரம் பொறித்தார்கள். எங்கள் வேனில் வந்த பெண்பிள்ளைகள் அங்கே நெடுநேரம் நின்றார்கள். அங்கே ஒருவரும் சத்தமிட்டு ஜெபிக்கவில்லை.

நம்முடைய எல்லாப் பெரியவர்களும் இங்கேயே புதைக்கப்படவில்லை. வாக்கர் ஐயர் திருநெல்வேலியில் உழைத்தார், 1912-இல் கூட்டங்கள் நடத்தப்போன இடத்தில், மசூலிப்பட்டணத்தில் மரித்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் 1945 ஜனவரி 1-ஆம் தேதி தோர்ணக்கல்லில் மரித்தார். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். நம்முடைய ஆட்கள் தெலுங்கு நாட்டுக்குப் போய் ஊழியம் செய்யவேண்டும் என்று பாரப்பட்டவர், தன் சரீரத்தையும் அங்கேயே விட்டார். கல்லறை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

எனக்கு இவர்கள் எல்லாரிலும் கிட்ட இருக்கிறவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். இந்தப் பேரை நம்முடைய சபையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? 1810-இல் பிறந்தவர், ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தை நம்பாமல் தேவனையே நோக்கிப் பார்த்து ஊழியம் செய்தார். 1840-இல் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரை உண்டாக்கினார். 1860-இல் அங்கே பரிசுத்த ஆவியானவர் ஊற்றப்பட்டார். ஜனங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாவத்தை அறிக்கையிட்டார்கள். அந்நியபாஷை பேசினார்கள், வியாக்கியானம் சொன்னார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906-இல் அல்லவா? அதற்கு நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னே, நம்முடைய மேற்கு மலையடிவாரத்தில்! பெந்தெகொஸ்தே அனுபவம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது மார்க்கம் என்று நம்மைப் பரிகாசம் பண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1867-இல் அவர் நித்திரையடைந்தார். அவர் நாட்குறிப்பு எழுதி வைத்தபடியால் நமக்குத் தெரியவந்தது. அவருக்காக நாம் ஒருநாளும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அதே வடபகுதியில் உழைத்த ராக்லண்ட் ஐயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜில் பெரிய பதவியில் இருந்தவர். கூடாரம் போட்டு ஊர் ஊராய்ச் சுற்றினார். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் இரத்தம் கக்கி மரித்தபோது வயது 43. கண்ணுக்குத் தெரிகிற பலன் கொஞ்சந்தான். யோவான் 12:24-இல் கோதுமைமணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது அவர் வாழ்க்கையில் அப்படியே நிறைவேறினது. அவர் மரித்தபின் இரண்டு வருஷத்துக்குள்ளாக அல்லவா கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் பற்றியெரிந்தது!

அப்படியானால் இப்படிப்பட்டவர்களை ஜெபத்தில் எப்படி நினைக்கிறது? இது என் தாழ்மையான ஆலோசனை. பேர் சொல்லலாம், தாராளமாய்ச் சொல்லலாம். "கர்த்தாவே, அருளப்பனை எங்கள் சீமைக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லுவதில் ஒரு தப்பும் இல்லை. "அருளப்பனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஆரம்பித்தால் பாதை மாறிவிட்டது. "அருளப்பன் ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் தாரும்" என்பதும் நமக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட ஜெபமல்ல, அவர் ஏற்கெனவே இளைப்பாறுகிறார். ஜெபம் தேவனை நோக்கியே போகவேண்டும், அதில் உள்ள விண்ணப்பம் உயிரோடிருக்கிறவர்களுக்காக இருக்கவேண்டும். அவர் கைவிட்ட வயலில் இப்போது யார் இருக்கிறார்கள், அந்த ஊரில் விளக்கு எரிகிறதா அணைந்துபோயிற்றா என்று கேட்டு அதற்காக ஜெபியுங்கள். கல்லறைக்குப் போனால் புல்லைச் செதுக்கிச் சுத்தம்பண்ணுங்கள். அது மரியாதை. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்கள். யோர்தானில் எடுத்த பன்னிரண்டு கற்களும் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்காக வைக்கப்பட்டவை (யோசு. 4:6, 7). முத்தம் கொடுப்பதற்காக அல்ல.

இதையெல்லாம் ஆராய்ந்து முடித்த பிறகு அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, நான் அன்றைக்கு உங்ககிட்ட பேசினது சரியில்லை, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர்கள் பதறிப்போய், "அய்யோ, நீங்க ஏன்யா" என்றார்கள். உபதேசத்தை நான் மாற்றிச் சொல்லவில்லை. அவன் முடிவை நம்முடைய ஜெபம் மாற்றாது என்றுதான் இப்போதும் சொன்னேன். ஆனால் கடைசி நிமிஷத்தில் ரோட்டோரம் கிடந்தபோது அவன் கர்த்தரைக் கூப்பிட்டானா என்று நமக்குத் தெரியாது. சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு அவகாசம் கொஞ்சந்தான் இருந்தது. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்வார் என்று ஆபிரகாம் சார்ந்துகொண்டாரே (ஆதி. 18:25), அங்கேதான் நாமும் நிற்கவேண்டும் என்றேன். மகனைப் பத்தொன்பது வருஷம் தந்ததற்காக அவன் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள், அழுகை வந்தால் கர்த்தர் சமுகத்தில் அழுங்கள், அதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன்கூட வண்டியில சுத்தின பயலுவ நாலு பேரு இருக்கானுவய்யா. ஒருத்தனும் ரட்சிக்கப்படல. அவனுவளுக்காகச் செய்யலாமா?" என்று கேட்டார்கள். அங்கேயே இருவரும் முழங்கால்படியிட்டோம். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அந்த நாலு பேருடைய பேரையும் சொல்லி ஜெபிக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன் வந்து சபை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, உள்ளே வராமல், பாட்டு முடியுமட்டும் நின்றுவிட்டுப் போனான். அவனுக்காகவும் மற்ற மூவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.